வலியறிதல்



தம் தாயார் நினைவாக இந்த அறக்கட்டளையை நிறுவிய பள்ளி ஆசிரியர் இரண்டு நிபந்தனைகள் வைத்திருப்பதாக அழைப்புக் கடிதத்தில் படித்தேன். பொருள் மருத்துவம் சார்ந்து இருக்கவேண்டும். பேச்சு தமிழில் இருக்கவேண்டும். முதல் நிபந்தனை எனக்கு எளிது. வேலைக்காலம் முழுவதும் அரசு மருத்துவமனைகளில் மயக்க மருந்து கொடுத்தே கழித்தவன் நான். என் நோயாளிகள் என் பேச்சை முழுதாகக் கேட்டதே கிடையாது, பாதியிலேயே தூங்கிவிடுவார்கள். இன்று இந்த அவையிலும் அந்த வழக்கம் தொடர்ந்தால் நான் தவறாக நினைக்கமாட்டேன். இரண்டாவது நிபந்தனைதான் என்னை அலைக்கழித்தது. இந்தத் தலைப்பைக் கொடுத்ததும் அதுதான்.

தலைப்பைப் பார்த்துவிட்டுத் திருக்குறள் சொற்பொழிவு என்று யாரேனும் வந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 48-ஆம் அதிகாரத்துக்கு இதுதான் பெயர். அங்கே வலி என்றால் வலிமை. ஒரு காரியத்தில் இறங்குமுன் தன் பலம், எதிரியின் பலம், துணைக்கு வருபவர் பலம் எல்லாவற்றையும் எடைபோடச் சொல்கிற அதிகாரம் அது. வலிமையைக் குறித்த சொல் எப்படியோ நோவுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. எந்த வலியானாலும் எடைபோட நம்மிடம் தராசு கிடையாது.

நான் ஓய்வுபெறும் தறுவாயில் முதுநிலை மாணவி ஒருவர் தம் ஆய்வேட்டுக்காக எலும்பு முறிவு வார்டில் படிவமும் கையுமாகச் சுற்றிக்கொண்டிருந்தார். இடுப்பெலும்பு உடைந்து, அறுவை முடிந்து இரண்டாம் நாளில் இருந்த ஒரு பாட்டியிடம் போனார். “பூஜ்யத்திலேருந்து பத்து வரைக்கும் வச்சா, இப்ப வலி எவ்வளவு பாட்டி?” “ஏழு இருக்கும்.” “வலிக்குப் பாக்குற வைத்தியம் உங்களுக்குத் திருப்தியா இருக்கா?” “ரொம்பத் திருப்தி. அஞ்சுக்கு அஞ்சு போட்டுக்க.” பாட்டிக்குக் கேள்வி புரியவில்லை என்று நினைத்து மாணவி மறுபடி முதலிலிருந்து கேட்டார். பாட்டிக்குக் கோபம் வந்துவிட்டது. “வலிக்குதான்னு கேட்ட, வலிக்குதுன்னேன். நல்லாப் பாத்துக்கிறாங்களான்னு கேட்ட, பாத்துக்கிறாங்கன்னேன். ரெண்டும் வேற வேற கேள்விதானே கண்ணு?”

அந்தப் படிவத்தைப் பிழையான பதிவு என்று ஒதுக்கிவிடலாமா என்று மாணவி என்னிடம் வந்து கேட்டார். ஒதுக்காதே, உன் ஆய்வில் உருப்படியாகக் கிடைத்திருப்பது இது ஒன்றுதான் என்றேன். கொஞ்சம் கடுமையாகத்தான் சொல்லிவிட்டேன்.

நோயாளியிடம் கேட்காமலே வலியை அளந்துவிட வேண்டும் என்ற ஆசை மருத்துவத்துக்கு நெடுநாள் இருந்தது. 1940-இல் நியூயார்க்கில் ஹார்டி, உல்ஃப், குடெல் என்ற மூவர் நெற்றியில் கறுப்பு மை பூசி, அதன்மேல் விளக்கின் வெப்பத்தைக் குவித்து, எந்தச் சூட்டில் வலி தொடங்குகிறது என்று பார்த்தார்கள். பிறகு வலிக்கு ‘டோல்’ என்று ஓர் அலகே வகுத்தார்கள். பத்தரை டோல் உச்சம். பிரசவ வலியில் துடித்த பெண்களுக்கு, ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் நடுவே கையில் சூடு வைத்து, இது அதற்குச் சமமா என்று ஒப்பிடச் சொன்ன ஆய்வும் நடந்தது. கை வெந்து புண்ணாகும் அளவுக்கும் அது போயிருக்கிறது. நல்லவேளை, மனநிறைவுப் படிவம் அந்தக் காலத்தில் வரவில்லை.

அந்த ஆசையில் மண் போட்டது போர்க்களம். 1944-இல் இத்தாலியின் ஆன்சியோ முனையில் ஹென்றி பீச்சர் என்ற மயக்கவியல் மருத்துவர் படுகாயத்தோடு வந்த சிப்பாய்களைப் பார்த்தார். வலிக்கு மருந்து வேண்டுமா என்று கேட்டபோது, நால்வரில் மூவர் வேண்டாம் என்றார்கள். ஊரில் சாதாரண அறுவை முடித்தவர்கள் கெஞ்சிக் கேட்கும் மருந்து அது. சிப்பாய்க்குக் காயம் என்றால் உயிரோடு களத்தைவிட்டு வெளியேறும் சீட்டு. ஊர்க்காரருக்குக் காயம் என்றால் வேலையும் வீடும் என்ன ஆகுமோ என்ற கவலை. காயத்தின் அளவு வலியின் அளவைச் சொல்லாது என்பதை பீச்சர் எழுதிவைத்தார். அதற்குப் பின் மிஞ்சிய வழி ஒன்றே ஒன்று: வாயைத் திறந்து கேட்பது.

கேட்பதிலும் கனடாவின் ரொனால்ட் மெல்சாக் செய்ததுபோல் வேறு யாரும் செய்ததில்லை. முதுகுத்தண்டில் வலிக்கு ஒரு ‘வாயில்’ உண்டு, அது திறந்தும் மூடியும் வலியைக் கூட்டிக் குறைக்கிறது என்று 1965-இல் பேட்ரிக் வாலுடன் சேர்ந்து எழுதியவர் அவர். வலியைச் சொல்ல மனிதர்கள் பயன்படுத்தும் சொற்களையும் அவர் சேகரித்தார். 1971-இல் டார்கர்சன் என்பவரோடு சேர்ந்து 102 சொற்களை எடுத்து, எது எதோடு சேரும், எது எதைவிடக் கடுமை என்று வகைபிரித்தார். அதிலிருந்து 1975-இல் பிறந்தது மெக்கில் வலி வினாத்தாள்: 78 சொற்கள், 20 குழுக்கள். துடிக்கும் வலிக்கு மட்டும் ஆறு சொற்கள், மெல்லத் துடிப்பதிலிருந்து சம்மட்டியால் அடிப்பது வரை.

தமிழில் பேச வேண்டும் என்ற நிபந்தனைக்காக நான் நன்றி சொல்லும் இடம் இது. அந்த 78 சொற்களை மொழிபெயர்த்தால் நமக்கு ஒன்றும் கிடைக்காது. நம் வார்டுகளில் சொற்கள் ஏற்கெனவே படுத்திருக்கின்றன. பல்லில் சீழ் வைத்தால் ‘விண்விண்’ என்று தெறிக்கும். மூட்டு ‘குடையும்’. நாளெல்லாம் நின்ற கால் ‘கடுக்கும்’, படுத்தபின் ‘உளையும்’. ஈழத்தமிழர் ‘நோகுது’ என்பார்கள், ‘உளையுது’ என்பார்கள், அவர்களுக்கு அவை இரண்டும் ஒன்றல்ல. சர்க்கரை நோயாளியின் பாதம் ‘எரியும்’, ‘காந்தும்’, ‘மதமத’ என்று இருக்கும், நடுராத்திரியில் ‘சுருக் சுருக்’ என்று குத்தும். காந்தல், மதமதப்பு, சுருக் என்ற மூன்றையும் ஒருவர் சேர்த்துச் சொன்னால் அது நரம்பு சார்ந்த வலியாக இருக்கலாம், சாதாரண வலி மாத்திரைக்கு அவ்வளவாக மசியாது என்று பாதி நோயறிதல் அங்கேயே ஆகிவிடுகிறது. இந்தச் சொற்களையெல்லாம் கேட்டுவிட்டுக் கேஸ் ஷீட்டில் ‘வலி: 6’ என்று எழுதுகிறோம். நானும் அப்படித்தான் எழுதினேன்.

எண்ணிலும் தகராறு உண்டு. பத்து என்பது நம்மவருக்குப் பள்ளிக்கூட மதிப்பெண். அதிகம் வாங்கினால் நல்லது. ‘பத்துக்கு எவ்வளவு’ என்றால் சிலர் உடம்பு தேறியிருக்கிறது என்று சொல்லவே எட்டு என்பார்கள். ஆனால் காசுக் கணக்கில் யாரும் தவறமாட்டார்கள். “ரூபாய்க்கு முக்கால்வாசி கொறஞ்சிருக்கு டாக்டர், நாலணாதான் பாக்கி.” எத்தனை அளவுகோல் வந்தாலும் என் அனுபவத்தில் இதற்கு ஈடு இல்லை. வலி எவ்வளவு என்பதைவிட, எவ்வளவு இறங்கியது என்பதை மனிதர்கள் தெளிவாகச் சொல்கிறார்கள்.

சரி, வலியை ஏதோ ஒரு வகையில் கேட்டு வாங்கிவிட்டோம். வலிக்குச் செய்த வைத்தியம் மனநிறைவு தந்ததா என்பதை எப்படிக் கேட்பது?

இந்தக் கேள்வி எழுந்ததற்கு நியாயமான காரணம் உண்டு. 1973-இல் நியூயார்க்கில் மார்க்ஸ், சாக்கர் என்ற இரு மனநல மருத்துவர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். வலி வலி என்று சில நோயாளிகள் ஓயாமல் தொல்லை தருகிறார்கள், இவர்களுக்கு மனக்கோளாறோ மருந்துப் பழக்கமோ இருக்குமோ என்று வார்டு மருத்துவர்கள் இந்த இருவரையும் அழைத்திருக்கிறார்கள். போய்ப் பார்த்தால் நோயாளிகளுக்குப் போதுமான மருந்தே கொடுக்கவில்லை. 37 பேரை ஆராய்ந்ததில், மருந்து கொடுத்தும் 32 விழுக்காட்டினர் கடும் வேதனையிலும், 41 விழுக்காட்டினர் நடுத்தர வேதனையிலும் இருந்தார்கள். கோளாறு எழுதிக்கொடுத்தவரிடம் இருந்தது. இந்தக் கட்டுரைக்குப் பின்தான் வலி வைத்தியத்தின் தரத்தைக் கண்காணிக்க வேண்டும் என்ற பேச்சு வலுத்தது. அமெரிக்க வலிச் சங்கம் 1990-களில் அதற்கான வினாத்தாள் வகுத்தது. அதில் மனநிறைவும் ஒரு கேள்வி.

அந்த வினாத்தாளை எடுத்துக்கொண்டு விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசனில் சாண்ட்ரா வார்ட், டெப்ரா கார்டன் இருவரும் மருத்துவமனை நோயாளிகளிடம் போனார்கள். 1994-இல் வந்தது அவர்கள் முடிவு. எங்கள் பாட்டி சொன்னதேதான். கடும் வலியில் இருந்தவர்களும் வலி வைத்தியம் மனநிறைவாக இருக்கிறது என்றார்கள். அதற்குப் பின் பல ஊர்களில் பலர் திரும்பத் திரும்ப இதையே கண்டார்கள். ‘மனநிறைவுப் புதிர்’ என்று இதற்குப் பெயரும் வைத்துவிட்டார்கள். 2002-இல் டாசன் குழுவினர் இந்தப் புதிரைத் துருவியபோது, வலி குறைந்ததா என்பதைப் போலவே, ‘உங்கள் வலியைக் கவனிப்பது முக்கியம்’ என்று மருத்துவர் வாய்விட்டுச் சொன்னாரா என்பதும் மனநிறைவைத் தீர்மானித்தது தெரிந்தது. வலி இருக்கத்தான் செய்யும் என்று எதிர்பார்த்து வந்தவர்கள், இருந்ததைக் குறையாகச் சொல்லவில்லை.

புதிரை இன்னும் ஆழமாக அவிழ்த்தவர்கள் என்று நான் கருதுவது பிரிட்டனின் வில்லியம்ஸ், காயில், ஹீலி மூவரையும்தான். 1998-இல் எழுதினார்கள். அவர்கள் பேசியது வலி நோயாளிகளிடம்கூட இல்லை, மனநல சேவை பெற்றவர்களிடம். படிவத்தில் ‘மனநிறைவு’ என்று குறித்தவர்களை உட்காரவைத்துப் பேசினால் மோசமான அனுபவங்கள் கொட்டுகின்றன. அப்புறம் ஏன் அப்படிக் குறித்தீர்கள்? மனிதர்கள் தமக்குள் இரண்டு கேள்வி கேட்டுக்கொள்கிறார்கள். இதைச் செய்வது அவர்கள் கடமையா? செய்யாமல் போனதற்கு அவர்கள்தான் பொறுப்பா? இரண்டுக்கும் ‘ஆமாம்’ என்று வந்தால்தான் அதிருப்தியைக் குறிக்கிறார்கள். ஏதாவது ஒன்றுக்கு ‘இல்லை’ என்று வந்தால் போதும், மன்னித்துவிடுகிறார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு ஆங்கிலக் கட்டுரை காதில் விழவில்லை. எங்கள் வார்டுதான் விழுந்தது. “பாவம், அந்தப் பொண்ணு ஒத்த ஆளு என்ன பண்ணும்?” “பெரிய டாக்டருக்கு ஆயிரம் சோலி.” நாற்பது படுக்கைக்கு ஒரு செவிலியர் இருக்கும் இடத்தில் ஐந்துக்கு ஐந்து விழுவதற்கு நோயாளியின் நியாய உணர்வுதான் காரணம். அந்த ஐந்தைச் சுவரில் மாட்டி நிர்வாகம் பெருமைப்படுவதைப் பார்க்கும்போதுதான் எனக்கு வயிறு எரியும்.

‘திருப்தி’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு அது பந்தியிலிருந்து வந்த சொல். கல்யாண வீட்டில் கை கழுவி வரும்போது பெண்ணின் தகப்பனார் வாசலில் நின்று “சாப்பாடு திருப்தியா?” என்று கேட்கிறார். ரசத்தில் உப்பு இல்லை என்று எந்த மனிதராவது சொல்வாரா? அது கேள்வியே அல்ல, மரியாதை. பதிலும் மரியாதைதான். மருத்துவமனையில் வீட்டுக்குப் போகும் நாளில், கையில் டிஸ்சார்ஜ் சீட்டு வருமுன், அதே வார்டு ஊழியர் படிவத்தை நீட்டினால் கிடைப்பது பந்தி வாசல் பதில். இதோடு ‘பரவாயில்லை’ என்று ஒரு சொல் இருக்கிறதே, அதைப் பற்றித் தனியாகவே ஒரு அறக்கட்டளைச் சொற்பொழிவு வைக்கலாம். பாரசீகத்திலிருந்து வந்த ‘பரவா’, கவலை என்று பொருள். ஐந்து படி அளவுகோலில் நடுப்படிக்கு இதைத்தான் போடுகிறார்கள்: மிகவும் திருப்தி, திருப்தி, பரவாயில்லை, அதிருப்தி, மிகவும் அதிருப்தி. ஆனால் தமிழில் பரவாயில்லை நடுவில் நிற்கும் சொல் கிடையாது. “பரவாயில்லையே!” என்று இழுத்தால் பாராட்டு. “பரவாயில்லை விடுங்க” என்றால் நொந்துபோய்க் கைவிட்டது. “இப்ப பரவாயில்லை” என்றால் நேற்றைவிட நலம். மூன்றையும் ஒரே கட்டத்தில் டிக் அடித்துச் சராசரி எடுத்து, அதைத் தசமப் புள்ளியோடு அச்சிடுகிறோம்.

கேட்கும் நேரமும் பதிலை மாற்றும். 1996-இல் டொனால்ட் ரெடல்மையர், டேனியல் கானெமன் இருவரும் பெருங்குடல் உள்நோக்கிச் சோதனைக்கு வந்த 154 பேரிடம், அந்தச் சோதனை நடக்கும்போதே நிமிடத்துக்கு நிமிடம் வலியைக் கேட்டு வாங்கினார்கள். சோதனை ஒருவருக்கு 4 நிமிடத்தில் முடிந்தது, இன்னொருவருக்கு 67 நிமிடம் நீண்டது. முடிந்தபின் மொத்தத்தில் எவ்வளவு வலித்தது என்று கேட்டால், நீண்ட நேரம் பட்டவர்களின் பதில் அதற்கேற்ப ஏறவில்லை. நினைவில் தங்கியது உச்சக்கட்ட வலியும் கடைசிச் சில நிமிடங்களும்தான். பின்னர் 2003-இல், 682 பேரில் பாதிப்பேருக்கு, சோதனை முடிந்த பிறகும் குழாயின் நுனியை அசைக்காமல் சற்று நேரம் உள்ளேயே விட்டுவைத்தார்கள். கூடுதல் நேரம், ஆனால் மெலிந்த வலி. அவர்கள்தான் ‘குறைவாக வலித்தது’ என்றார்கள். இதைச் சொன்னால் என் அறுவை நிபுணர் நண்பர் ஒருவர், “அப்போ கடைசி நாள் நல்லா கவனிச்சு அனுப்பினா போதும்ங்கிறீங்க” என்பார். வேடிக்கையாகத்தான் சொல்கிறார் என்று நம்புகிறேன்.

பாட்டியிடம் திரும்பிப் போகிறேன். ஐந்துக்கு ஐந்து போடச் சொன்னவர், மாணவி நகரும்போது கையைப் பிடித்து நிறுத்தி ஒன்று கேட்டார். “இதப் போட்டா அந்த நர்ஸ் பொண்ணுக்குச் சம்பளம் ஏத்துவாங்களா?” மாணவி சிரித்துவிட்டு வந்துவிட்டார். அமெரிக்காவில் இதே கேள்விக்கு அரசாங்கம் சட்டம் போட்டு ‘ஆமாம்’ என்றது. அந்தக் கதையை விரிவாகச் சொல்லவேண்டும்.

1995-இல் அமெரிக்க வலிச் சங்கத்தின் தலைவர் ஜேம்ஸ் கேம்ப்பெல், உடல்வெப்பம், நாடி, மூச்சு, ரத்த அழுத்தம் என்ற நான்கோடு வலியையும் ஓர் உயிர்க்குறியாகக் கொள்ளவேண்டும் என்று பேசினார். 1999-இல் முன்னாள் படைவீரர் மருத்துவத் துறை ‘ஐந்தாவது உயிர்க்குறி’ என்றே ஓர் இயக்கம் தொடங்கியது. 2001 தொடக்கத்திலிருந்து மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு, ஒவ்வொரு நோயாளியின் வலியையும் மதிப்பிட்டுப் பதிவு செய்வதை விதியாக்கியது. நோக்கத்தில் குறை இல்லை. மார்க்ஸும் சாக்கரும் கண்ட அவலத்துக்கு இதுவே விடை என்று நல்லவர்கள் நம்பினார்கள். ஆனால் அந்த நல்லவர்களோடு இன்னொருவரும் பந்தியில் உட்கார்ந்திருந்தார். பர்ட்யூ நிறுவனத்தின் ஆக்ஸிகான்டின் 1996-இல் சந்தைக்கு வந்தது. வலி வைத்தியம் பற்றிய பாடப்பொருள்களுக்கு அந்த நிறுவனம் பணம் கொடுத்தது. வலிக்காக அபின் வகை மருந்து சாப்பிட்டால் அடிமையாவது அரிது என்பதற்கு மேற்கோளாகச் சுற்றிவந்தது, 1980-இல் ஒரு மருத்துவ இதழில் வந்த ஐந்து வாக்கியக் கடிதம். 11,882 பேரில் 4 பேர் என்றது அது. மருத்துவமனையில் படுத்திருந்தவர்களைப் பற்றிய கணக்கு. வீட்டுக்குப் போய் மாதக்கணக்கில் விழுங்கியவர்களைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. அந்தக் கடிதத்தை 600-க்கு மேற்பட்ட கட்டுரைகள் மேற்கோள் காட்டின. 2007-இல் ஆக்ஸிகான்டினின் அடிமைப்படுத்தும் தன்மை குறித்துத் தவறான தகவல் தந்த குற்றத்தை பர்ட்யூ குழுமத்தின் ஒரு நிறுவனம் ஒப்புக்கொண்டது.

இதற்கு நடுவேதான் மனநிறைவுக் கணக்கெடுப்பு வந்தது. மெடிகேர் காப்பீட்டை நடத்தும் அரசு அமைப்பு, ‘எச்-கேப்ஸ்’ என்ற பெயரில் நாடு முழுதுக்கும் ஒரே படிவம் கொண்டுவந்தது. முதல் முடிவுகள் 2008 மார்ச்சில் வெளியாயின. தொழில்முறையில் பார்த்தால் மிக நேர்த்தியான படிவம், இதை ஒளிக்காமல் சொல்லவேண்டும். ‘திருப்தியா’ என்ற சொல்லையே பெரும்பாலும் தவிர்த்து, ‘எத்தனை முறை நடந்தது’ என்று கேட்டது: ஒருபோதும் இல்லை, சில சமயம், பெரும்பாலும், எப்போதும். வீட்டுக்குப் போய் 48 மணி நேரம் கழித்து, ஆறு வாரத்துக்குள், வார்டு ஊழியர் பக்கத்தில் இல்லாதபோது கேட்டது. பந்தி வாசல் சிக்கலைத் தாண்ட இதைவிட நல்ல வழி தெரியவில்லை. வலி பற்றி இரண்டு கேள்வி முக்கியம். உங்கள் வலி எத்தனை முறை நன்றாகக் கட்டுக்குள் இருந்தது? உங்கள் வலிக்கு உதவ ஊழியர்கள் தம்மால் ஆன எல்லாவற்றையும் எத்தனை முறை செய்தார்கள்? பாட்டி பிரித்துக்காட்டிய இரண்டு கேள்விகளும் இவையே. அவர்கள் செய்த பிழை, இரண்டையும் கூட்டி ஒரே மதிப்பெண்ணாக்கியது.

அடுத்த பிழை பணம். 2012 அக்டோபர் முதல் மருத்துவமனைகளுக்கு மெடிகேர் தரும் தொகையில் ஒரு விழுக்காட்டைப் பிடித்துவைத்து, தரத்தைப் பார்த்துத் திருப்பிக்கொடுத்தார்கள். பிறகு அது படிப்படியாக இரண்டு விழுக்காடானது. தொடக்கத்தில் அந்தத் தரக் கணக்கில் 30 விழுக்காடு நோயாளி அனுபவம். அதற்குள் எட்டில் ஒரு கூறு வலி. ‘எப்போதும்’ என்ற பதிலுக்கு மட்டும்தான் மதிப்பு, ‘பெரும்பாலும்’ என்றால் எண்ணிக்கையில் சேராது. அறுவை முடிந்த ஒருவருக்கு வலி எப்போதும் கட்டுக்குள் இருக்கவேண்டுமாம். என் அனுபவத்தில் அது மயக்கத்தில் இருக்கும்போது மட்டும்தான் நடக்கும்.

மாத்திரை எழுதாவிட்டால் மதிப்பெண் போய்விடும் என்று மருத்துவர்கள் புலம்பத் தொடங்கினார்கள். அதே 2012-இல் கலிஃபோர்னியாவிலிருந்து ஃபென்டன் குழுவினர் 51,946 பேரின் தரவுகளை வைத்து எழுதிய கட்டுரை எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியது. மருத்துவர்மேல் மிக அதிக மனநிறைவு கொண்ட கால்வாசிப் பேருக்கு மருந்துச் செலவு கூடுதல், இறப்பு அபாயம் 26 விழுக்காடு கூடுதல். மனநிறைவு ஆளைக் கொல்லும் என்று சிலர் இதைப் படித்தார்கள். கூர்ந்து நோக்கி எடுத்த கணக்கு அது, காரண காரியத்தை நிறுவும் சோதனை அல்ல. ஆனால் நேரம் அப்படி. 2017-இல் மட்டும் அங்கே அபின் வகை மருந்துகளின் மிகைப்பயன்பாட்டால் 47,600 பேர் இறந்தார்கள். 2016-இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் ஐந்தாவது உயிர்க்குறியைக் கைவிடத் தீர்மானம் போட்டது. அதே ஆண்டு அரசு அமைப்பு வலிக் கேள்விகளைப் பணக் கணக்கிலிருந்து நீக்கியது. மதிப்பெண்ணுக்கும் மருந்துச் சீட்டுக்கும் தொடர்பை நிறுவும் ஆய்வு எதுவும் தங்கள் பார்வைக்கு வரவில்லை என்று அந்த அறிவிப்பிலேயே சொல்லிவிட்டுத்தான் நீக்கியது. 2018-இல் கேள்வியை மாற்றினார்கள்: எவ்வளவு வலி என்று ஊழியர்கள் உங்களிடம் பேசினார்களா? எப்படிக் குறைப்பது என்று பேசினார்களா? அவையும் 2019 அக்டோபரோடு போயின.

பணத்தைப் பிரித்துவிட்டுக் கேள்வியை வைத்திருக்கவேண்டும் என்பது என் கட்சி. கேள்வி கெடவில்லை, அதன் கழுத்தில் கட்டிய காசு முடிச்சுதான் கெடுத்தது. கடைசியாகக் கொண்டுவந்த அந்த இரண்டு கேள்விகள் எனக்குத் தெரிந்தவற்றில் மிகச் சிறந்தவை. அவைதான் இரண்டு ஆண்டுகூட முழுதாக வாழவில்லை.

இங்கே வருவோம். நம் நாட்டிலும் படிவங்கள் வந்துவிட்டன. தர அங்கீகாரம் வேண்டும் மருத்துவமனைகள் நோயாளி மனநிறைவைப் பதிவு செய்கின்றன. 2016 முதல் ஒன்றிய அரசின் ‘மேரா அஸ்பத்தால்’ கைபேசிக் குறுஞ்செய்தியிலும் அழைப்பிலும் கருத்துக் கேட்கிறது. ஆனால் நம் வரலாறு அமெரிக்காவுக்கு நேர் எதிர். அபின் பயிரிட்டு உலகுக்கு மருந்துக்காக ஏற்றுமதி செய்யும் நாட்டில், 1985-இன் போதைப்பொருள் சட்டத்துக்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் மருத்துவத்துக்கான மார்ஃபின் பயன்பாடு தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் சரிந்தது. ஒரு புட்டி வாங்கப் பல உரிமம், பல அலுவலகம். கோழிக்கோட்டில் டாக்டர் எம். ஆர். ராஜகோபாலும் அவர் நண்பர்களும் 1993-இல் தொடங்கிய வலி தணிப்புச் சங்கம் அதற்கு எதிராகக் கிளம்பியது. 2014-இல்தான் சட்டம் திருந்தியது. புற்றுநோயின் கடைசிக் கட்டத்தில் பாராசிட்டமால் மட்டும் கிடைத்த ஒரு தலைமுறை நம்மிடம் இருந்தது. அவர்கள் கையில் அன்று படிவத்தைக் கொடுத்திருந்தால் என்ன எழுதியிருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? ‘மிகவும் திருப்தி’ என்றுதான். அப்படி ஒரு மருந்து இருக்கிறது என்றே தெரியாதவருக்கு அது கிடைக்கவில்லை என்று எப்படித் தெரியும்?

என் சொந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஓய்வுக்குப் பின் முழங்கால் மாற்று அறுவை செய்துகொண்டேன். எங்கே என்று கேட்காதீர்கள். இரண்டாம் இரவு எனக்கு எட்டு. மணியை அழுத்தினேன். வந்த செவிலியர், “உங்களுக்குத் தெரியாததா சார், அடுத்த டோஸ் ஆறு மணிக்குத்தான்” என்று அன்பாகச் சொல்லிவிட்டுப் போனார். காலையில் என் வலிப் பதிவேட்டை எட்டிப் பார்த்தேன். இரவு 10, 2, 6 மணி மூன்றுக்கும் ‘3, 3, 3’. ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே மூச்சில் எழுதியது. ஐந்தாம் நாள் பில் கவுண்ட்டரில் சிரிக்கும் முகம், அழும் முகம் போட்ட அட்டையைக் கொடுத்தார்கள். வாழ்நாளெல்லாம் இதைப் பற்றி வகுப்பெடுத்தவன், பெரிதாகச் சிரிக்கும் முகத்தைத் தொட்டுவிட்டு வந்தேன். அந்த இரவுச் செவிலியர் பிறகு எனக்குத் தேநீர் வாங்கிக்கொடுத்திருந்தார், அதுவும் ஒரு காரணம்.

வலி மருந்தை நோயாளியே பொத்தானை அழுத்திச் செலுத்திக்கொள்ளும் கருவி பற்றிய ஆய்வுகள் இங்கே நினைவுக்கு வருகின்றன. செவிலியர் வந்து போடும் ஊசியோடு ஒப்பிட்டால் வலி குறைவதில் பெரிய வேறுபாடு இல்லை, கொஞ்சம்தான். மனநிறைவு மட்டும் கூடுதல். யாரையும் கூப்பிட்டுக் காத்திருக்க வேண்டாம். அன்று இரவு எனக்கும் எட்டைவிடக் கொடுமையாக இருந்தது, ஆறு மணிக்கு இன்னும் எவ்வளவு நேரம் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததுதான்.

அதனால் செவிலியர் கல்லூரியிலிருந்து வந்திருக்கும் மாணவியருக்குச் சொல்வேன், உங்கள் ஆய்வேட்டில் வலி எண்ணையும் மனநிறைவு எண்ணையும் கூட்டாதீர்கள், பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஏழும் ஐந்தும் ஒன்றாக வரும் இடத்தில் நில்லுங்கள். யூட்டா பல்கலைக்கழக மருத்துவமனையில் எண்ணை விட்டுவிட்டு, தூங்க முடிந்ததா, வேலை செய்ய முடிந்ததா, தாங்க முடிகிறதா என்று பேசிக் கேட்கும் முறையை வகுத்தார்கள். நம் வார்டில் அது இன்னும் எளிது: ராத்திரி தூங்கினீங்களா, புரண்டு படுத்தீங்களா, இருமினா பிடிச்சுக்கிட்டுத்தான் இருமுறீங்களா, கேட்டப்போ யாராவது வந்தாங்களா. படிவத்தை வார்டு ஊழியர் கையில் கொடுக்காதீர்கள். பில் கட்டும் இடத்தில் நீட்டவே நீட்டாதீர்கள்.

எங்கள் மாணவி அப்படி ஒரு கேள்வியைப் பிறகு சேர்த்துக்கொண்டார். மறுநாள் பாட்டியிடம் திரும்பிப் போய், “நேத்து ராத்திரி என்ன நடந்துச்சு பாட்டி?” என்று மட்டும் கேட்டார். பன்னிரண்டு மணிக்கு வலி தாங்காமல் கூப்பிட்டிருக்கிறார். ஊசி மருந்து பூட்டிய அலமாரியில். சாவி வைத்திருந்தவர் அடுத்த கட்டடத்தில் ஓர் அவசர அறுவையில். அந்தச் செவிலியர் இரண்டு முறை ஓடிப்போய்த் திரும்பி வந்து, பாட்டியின் காலுக்கடியில் தலையணையைச் சரிசெய்து, ‘இதோ வந்துரும், இதோ வந்துரும்’ என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். ஊசி போட்டபோது மணி இரண்டு. படிவத்தில் இதை எழுத இடம் இல்லை. மாணவி ஓரத்தில் பென்சிலால் எழுதிவைத்தார்: “12–2. சாவி.”